கடல் கடந்த மாணவருக்காகப் பேசுவது யார்?



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் தலைப்பை நானே முடிவு செய்துகொள்ளலாம் என்று அழைப்பில் எழுதியிருந்தீர்கள். இந்த அரங்கில் வழக்கமாக இலக்கியமோ வரலாறோதான் பேசப்படும். நானும் வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன். ஆனால் போய்ச் சேர வேண்டிய இடம், பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில், 'ஸ்டடி அப்ராட்' என்று பலகை மாட்டிய ஓர் அறை. அந்தப் பலகை இல்லாத கடைவீதி நம் ஊர்களில் இப்போது அரிது.

1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' என்ற கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்ட சீனிவாச இராமானுஜன், ஏப்ரல் 14 அன்று லண்டன் போய்ச் சேர்ந்தார். அழைத்துச் செல்ல கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர் நெவில் வந்திருந்தார். முதல் சில நாட்கள் தங்கியது லண்டன் குரோம்வெல் சாலையில், 21-ஆம் எண் கட்டடத்தில். இந்திய மாணவர்கள் வந்திறங்கும் இடம் அது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை கொடுத்தது. டிரினிட்டி கல்லூரியில் இடம் இருந்தது. அவரை வரவழைத்த கணித அறிஞர் ஹார்டி இருந்தார். இதைவிட நல்ல ஏற்பாட்டோடு யாரும் வெளிநாட்டுக்குப் படிக்கப் போயிருக்க முடியாது.

ஆனாலும் குளிரில் எப்படித் தூங்குவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தார். அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகாலனோபிஸ் ஒருநாள் அறைக்கு வந்து பார்த்தார். கம்பளிகள் மடிப்புக் கலையாமல் மெத்தையில் செருகியபடி கிடந்தன. இராமானுஜன் அவற்றின் மேலே படுத்திருக்கிறார்! உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்று மகாலனோபிஸ் பிரித்துக் காட்டினார். பின்னாளில் இந்தியப் புள்ளியியலின் தந்தையானவர் செய்த மிகப் பெரிய சேவைகளில் இதையும் சேர்ப்பேன்.

நான்கு ஆண்டு கழித்து, 1918 தொடக்கத்தில், நோயும் தனிமையும் முற்றிய நிலையில், லண்டன் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் இராமானுஜன் தண்டவாளத்தில் குதித்தார். ஊழியர் ஒருவர் பார்த்து விசையைத் தட்டியதால் ரயில் சில அடி முன்னால் நின்றது. தற்கொலை முயற்சி அங்கே அன்று குற்றம். போலீஸ் ஹார்டியை வரவழைத்தது. ராயல் சொசைட்டி ஃபெல்லோ ஒருவரை நீங்கள் கைது செய்ய முடியாது என்று ஹார்டி சொன்னாராம். அந்தச் சிறப்பு இராமானுஜனுக்குக் கிடைத்தது அதற்குச் சில மாதம் கழித்துத்தான். ஹார்டி சொன்னது பொய். ஆனால் அந்தப் பொய்தான் அவரைக் காவல் நிலையத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது. இயற்பியலாளர் சந்திரசேகர் வழியாக நமக்குக் கிடைத்த செய்தி இது.

ஹார்டி எல்லோருக்கும் கிடைக்கமாட்டார். மேதைக்குக் கிடைத்த அந்த ஒரு குரல், சராசரி மதிப்பெண்ணோடு, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டுப் போகும் பிள்ளைக்குக் கிடைக்க என்ன ஏற்பாடு இருக்கிறது? இதுதான் என் கேள்வி. பதிலையும் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஏற்பாட்டில் பெரும்பகுதியைக் கட்டி எழுப்பியவர்கள் அந்தந்த நாட்டுத் தெருவில் உட்கார்ந்த நம் மாணவர்கள், அங்கிருந்த நம்மவர் சங்கங்கள், அந்நாட்டு நீதிமன்றங்கள். ஆபத்து வந்தால் விமானம் அனுப்ப நாம் கற்றுக்கொண்டோம். பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன்னால் நாம் செய்யவேண்டிய வேலையை இன்னும் தொடவில்லை.

குரோம்வெல் சாலைக் கட்டடத்துக்கு ஒரு நிமிடம் திரும்புகிறேன். இந்திய மாணவர்களுக்குத் தகவலும் அறிவுரையும் தர லண்டனில் 1909-இல் அரசு ஓர் அலுவலகம் தொடங்கியது. பொறுப்பாளர் டி.டபிள்யூ.ஆர்னால்டு, லாகூரில் கவிஞர் இக்பாலுக்கு ஆசிரியராக இருந்தவர், நல்ல அறிஞர். ஆனால் காலம் அப்படி. அதே ஆண்டு ஜூலை 1 அன்று மதன்லால் திங்ரா என்ற மாணவர் பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். ஹைகேட் பகுதியில் புரட்சியாளர்கள் கூடிய இந்தியா ஹவுஸில் சாவர்க்கரும் நம் வ.வே.சு. ஐயரும் இருந்த நாட்கள் அவை. உதவி மேசைக்குப் பின்னால் உளவுத்துறை உட்கார்ந்திருக்கிறது என்று மாணவர்கள் சந்தேகித்தார்கள். அந்தச் சந்தேகம் கடைசிவரை தீரவில்லை. இந்திய மாணவர் நிலையை ஆராய 1921-இல் அமைந்த லிட்டன் குழுவுக்கும் அதே முகச்சுளிப்புதான் கிடைத்தது.

அந்த இடைவெளியில்தான் சேலத்துக்காரர் ஒருவர் வருகிறார். 1876-இல் சேலத்தில் பிறந்த கே.டி.பால், இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியப் பொதுச்செயலாளர். 1920-இல் லண்டனில் இந்திய மாணவர் சங்கமும் விடுதியும் அவர் முயற்சியில் தொடங்கின. கண்காணிக்கும் அரசின் வீடாக இல்லாமல், இந்தியர்களே நடத்தும் வீடாக அது இருந்தது. பழைய கட்டடம் உலகப்போரில் குண்டுவீச்சுக்கு இரையானது. இன்று ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் இருக்கிறது, இந்தியச் சாப்பாட்டோடு. சேலத்தில் கே.டி.பாலை எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

இன்றைய அளவு வேறு. வெளிநாடுகளில் படிக்கும் இந்திய மாணவர்கள் 2024-இல் 13 லட்சத்துக்கு மேல் என்கிறது வெளியுறவு அமைச்சகம். அமெரிக்காவில் மட்டும் 2023–24 கல்வியாண்டில் 3,31,602 பேர். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஆண்டில்தான் சீனாவை முந்தினோம். செய்தித்தாள்கள் அதை ஒலிம்பிக் பதக்கம் போல எழுதின.

இனி உக்ரைன். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா படையெடுத்தபோது அங்கே 18,000-க்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் இருந்தார்கள், பெரும்பாலும் மருத்துவம் படிப்பவர்கள். 'ஆபரேஷன் கங்கா'வில் 90 விமானங்கள் பறந்தன. ஏறத்தாழ 22,500 பேர் ஊர் திரும்பினார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மட்டும் 1,900 பேர் அளவில். டெல்லியிலிருந்து வீடுவரை வரும் செலவை மாநில அரசு ஏற்றது. இதெல்லாம் பாராட்டப்பட வேண்டிய வேலை, நானும் பாராட்டுகிறேன்.

ஆனால் எல்லையைத் தாண்டிய பிறகுதான் விமானம். எல்லைவரை வந்து சேர்வது அவரவர் பாடாக இருந்தது. கார்கிவில் மளிகைக் கடை வரிசையில் நின்ற கர்நாடக மாணவர் ஒருவர் மார்ச் 1 அன்று தாக்குதலில் இறந்தார். சூமியில் ஏறத்தாழ 700 பேர் மார்ச் 8 வரை சிக்கிக் கிடந்தார்கள், பனியை உருக்கிக் குடித்தார்கள். எந்த ரயில் ஓடுகிறது, எந்தச் சோதனைச் சாவடியில் விடுகிறார்கள், எங்கே ரொட்டி கிடைக்கும் என்று வழிகாட்டியவை மாணவர்களே நடத்திய வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை எண்ணி எண்ணிப் பேருந்தில் ஏற்றிய கதைகளை அந்த நாட்களில் திரும்பி வந்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

விமான நிலையத்தில் அமைச்சர்கள் ரோஜாப் பூவோடு நின்று வரவேற்றார்கள். அதே ஆண்டு டெல்லி ஜந்தர் மந்தரில் பெற்றோர்கள் பதாகையோடு உட்கார்ந்தபோது பூக்களைக் காணோம். பிள்ளைகள் கேட்டது, பாதியில் நின்ற படிப்பை இங்கே தொடர ஓர் இடம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 நவம்பர் விதிப்படி, வெளிநாட்டு மருத்துவப் பட்டம் இங்கே செல்லுபடியாக 54 மாதப் படிப்பும் 12 மாத உள்ளிருப்புப் பயிற்சியும் அதே நிறுவனத்தில் முடித்திருக்க வேண்டும். இடம் மாற்றச் சட்டத்தில் வழியில்லை என்று 2022 செப்டம்பரில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் தற்காலிகமாகப் படிப்பதை ஆணையம் ஏற்றுக்கொண்டது. இறுதியாண்டு மாணவர்கள் இங்கேயே தேர்வெழுத 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழியாக வாய்ப்பு வந்தது. நடுவில் இருந்தவர்கள் ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் என்று சிதறினார்கள். சிலர், போர் நடக்கும் உக்ரைனுக்கே திரும்பிப் போனார்கள்! நாம் விமானம் அனுப்பி அழைத்து வந்த அதே பிள்ளைகள், தங்கள் செலவில் டிக்கெட் எடுத்துக் குண்டு விழும் ஊருக்குப் போனார்கள் என்றால், மீட்பு எங்கே முடிந்தது, எங்கே முடிந்திருக்க வேண்டும் என்று யோசிக்க வேண்டாமா?

அடுத்தது கனடா. இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் என் வாதத்தின் உயிர் இங்கே இருக்கிறது.

பஞ்சாபில் ஒரு பிள்ளை பிளஸ் டூ முடிக்கிறது. ஜலந்தரில் ஓர் ஏஜென்ட் அலுவலகம். லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு, ஒன்டாரியோவில் பெயர்பெற்ற ஒரு கல்லூரியின் ஆஃபர் லெட்டரைத் தருகிறார்கள். அதைக் காட்டி விசா விண்ணப்பம், விசாவும் வந்துவிடுகிறது. கனடாவில் இறங்கியதும் ஏஜென்டிடமிருந்து போன். "அந்தக் கோர்ஸில் இடம் நிரம்பிவிட்டது, வேறு கல்லூரியில் சேர்ந்துகொள்" என்கிறார். கட்டிய கட்டணத்தையும் திருப்பித் தந்துவிடுகிறார், அதனால் சந்தேகம் வருவதில்லை. பிள்ளை வேறு கல்லூரியில் சேர்ந்து படித்து முடித்து, வேலைக்குப் போய், வரி கட்டி, நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கிறது. அப்போதுதான் எல்லைக் காவல் முகமை பழைய கோப்பைத் திறக்கிறது. அந்த முதல் ஆஃபர் லெட்டர் போலி. நாட்டைவிட்டு வெளியேறு என்று உத்தரவு.

ஏறத்தாழ 700 பேர் என்று அப்போது செய்திகள் வந்தன. 2023 மே இறுதியில் மிசிசாகாவில் எல்லைக் காவல் முகமையின் அலுவலகத்துக்கு வெளியே மாணவர்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். பக்கத்தில் நின்ற அமைப்புகளில் ஒன்று நவ்ஜவான் சப்போர்ட் நெட்வொர்க். 2021-இல் பிராம்ப்டனில், சம்பளம் தராமல் ஏமாற்றும் முதலாளிகளுக்கு எதிராக மாணவர்களும் இளம் தொழிலாளர்களும் சேர்ந்து தொடங்கியது. முதலாளியின் வீட்டு வாசலில் போய் நின்று, "இத்தனை டாலர் பாக்கி" என்று பதாகை பிடித்துச் சம்பளத்தை வாங்கித் தந்தவர்கள். அவர்கள் முறை எல்லோருக்கும் பிடிக்காது. எனக்குப் பிடிக்கிறது. தூதரகக் கடிதம் போய்ச் சேரும் முன்பு பதாகை போய்ச் சேர்ந்துவிடுகிறது.

மாணவர்கள் கேட்ட கேள்வி எளிது. கடிதம் போலி என்பதை உங்கள் விசா அதிகாரியே கண்டுபிடிக்கவில்லை, பதினெட்டு வயதுப் பிள்ளை கண்டுபிடித்திருக்க வேண்டுமா? ஜூன் 14 அன்று குடிவரவு அமைச்சர் ஷான் ஃப்ரேசர் வெளியேற்றங்களை நிறுத்திவைத்து, ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியே பார்க்கக் குழு அமைத்தார். அக்டோபர் வரை பார்த்த 103 வழக்குகளில் 63 பேர் உண்மையான மாணவர்கள் என்றும் 40 பேர் அல்ல என்றும் அந்தக் குழு கண்டது. இந்த 40-ஐ நான் மறைக்க விரும்பவில்லை. நம் பிள்ளைகள் எல்லோரும் அப்பாவிகள் என்று மேடையில் முழங்குவது வாதாடுவதாகாது. அந்த 63 பேருக்குத் தீங்கு செய்யும் முழக்கம் அது. உண்மையானவரையும் அல்லாதவரையும் ஒரே கயிற்றில் கட்டாமல் தனித்தனியே கேளுங்கள் என்பதுதான் தெருவில் உட்கார்ந்தவர்கள் வைத்த கோரிக்கை, அதுதான் வென்றது.

இன்னொன்றும் நடந்தது. 2023 டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு ஆஃபர் லெட்டரையும் கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் விண்ணப்பத்தைப் பார்ப்போம் என்று கனடா விதி செய்தது. ஏஜென்டுக்கு 2024 மே மாதம் மூன்றாண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. தண்டித்தது கனடா நீதிமன்றம். கடை வைத்திருந்தது ஜலந்தரில்.

இந்த வரிசை புதிதன்று. 2009-இல் மெல்போர்னில் நம் மாணவர்கள் இரவு ரயில்களிலும் புறநகர் நிலையங்களிலும் தாக்கப்பட்டார்கள். பொது இடத்தில் தாய்மொழியில் உரக்கப் பேசாதீர்கள் என்ற ரீதியில் போலீஸ் அறிவுரை சொன்னது. அந்த ஆண்டு மே 31 அன்று ஃபிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையச் சந்திப்பில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் உட்கார்ந்து இரவு முழுக்கப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். இந்திய மாணவர் கூட்டமைப்பு அழைத்த போராட்டம் அது. இங்கே தொலைக்காட்சிகள் இனவெறி என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் கத்தின. அமிதாப் பச்சன் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்று தரவிருந்த கௌரவப் பட்டத்தை மறுத்தார். அங்கே மாணவர் அமைப்புகள் பேசியது அதைவிட விரிவானது. நள்ளிரவு வேலை, விளக்கில்லாத நிலையங்கள், சமையல் படிப்பு என்றும் முடிதிருத்தும் படிப்பு என்றும் நிரந்தர வசிப்புரிமை ஆசைகாட்டிக் காசு பறித்த தனியார் கல்லூரிகள், ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்ட அவற்றின் கதவுகள். 2010-இல் அயல்நாட்டு மாணவர் கல்வி பற்றிய புரூஸ் பெயர்டு அறிக்கை வந்தது. 2011-இல் தனியார் கல்லூரி அயல்நாட்டு மாணவர்களின் புகாரைக் கேட்கக் குறைதீர்ப்பாளர் வந்தார். 2012 ஜூலை முதல் கல்விக் கட்டணப் பாதுகாப்பு ஏற்பாடு வந்தது. கல்லூரி மூடினால் வேறு இடம், இல்லையேல் மிச்சக் கட்டணம் திரும்ப. உரக்கப் பேசாதே என்று சொல்லப்பட்டவர்கள் உரக்கப் பேசியதால் வந்தவை இவை.

அமெரிக்கக் கதைகளை வேகமாகச் சொல்கிறேன், அவற்றுக்கே தனிச் சொற்பொழிவு வேண்டும். 2011 ஜனவரியில் கலிபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகம் விசா மோசடிக்காக மூடப்பட்டது. 1,500-க்கும் மேற்பட்ட மாணவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், அதிலும் ஆந்திரத்துக்காரர்கள். சிலருடைய கணுக்காலில் கண்காணிப்புக் கருவி மாட்டினார்கள். இந்தியா கண்டித்தது. வழக்கறிஞர் தேடித் தந்தது வட அமெரிக்கத் தெலுங்குச் சங்கம். மாணவரை ஏமாற்றிய பல்கலைக்கழக நிறுவனருக்கு 2014-இல் 16 ஆண்டுக்கு மேல் சிறை.

2019-இல் இன்னும் விசித்திரம். மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்றை அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே போலியாக நடத்தியது. வகுப்பில்லை, ஆசிரியரில்லை, கட்டணம் மட்டும் உண்டு. ஜனவரி இறுதியில் கைதான 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள். விசாவைத் தக்கவைக்கத் தெரிந்தே சேர்ந்தவர்கள் அதில் இருந்தார்கள் என்று அரசு சொன்னது. இருந்திருக்கலாம். ஆனால் கட்டணத்தை வாங்கிக்கொண்டு பாடம் நடத்தாதது அரசல்லவா? ஒப்பந்த மீறல் என்று மாணவர் ஒருவர் தொடுத்த வழக்கைத் தொடர்ந்து நடத்தலாம் என்று 2024 ஜூனில் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றமே சொன்னது.

2025 வசந்த காலத்தில் நாலாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட அயல்நாட்டு மாணவர்களின் பதிவுகள் அமெரிக்க அரசின் 'செவிஸ்' தரவுத்தளத்தில் ஒரே மூச்சில் நீக்கப்பட்டன. குடிவரவு வழக்கறிஞர் சங்கம் திரட்டிய 327 நேர்வுகளில் பாதி இந்தியர்கள். வேகமாகக் கார் ஓட்டியது, என்றோ தள்ளுபடியான வழக்கு, இவையெல்லாம் காரணங்கள். பலருக்கு முறையான அறிவிப்புகூட வரவில்லை. பல்கலைக்கழக அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் திரையைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. நியூ ஹாம்ப்ஷயரிலும் மிச்சிகனிலும் இந்திய மாணவர்கள் மனுதாரர்களாக நின்றார்கள், குடிமை உரிமை அமைப்புகளின் வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். நாடெங்கும் நீதிபதிகள் தடையுத்தரவு போட, ஏப்ரல் 25 அன்று அரசு பதிவுகளைத் திரும்பச் சேர்ப்பதாக நீதிமன்றத்தில் சொன்னது.

அந்த வாரங்களில் நம் வெளியுறவு அமைச்சகத்தின் குரல் மெல்லியதாகவே ஒலித்தது. அதைக் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன். தூதரகத்துக்குச் சட்டம் போட்ட எல்லை இருக்கிறது. 1963 வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு, கைதான அயல்நாட்டவர் தம் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்கும் உரிமையைத் தருகிறது. மாணவ நண்பர்கள் இந்த ஒரு பிரிவையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அதே உடன்படிக்கையின் 55-ஆம் பிரிவு, அந்த நாட்டு உள்விவகாரத்தில் தூதரக அதிகாரி தலையிடக்கூடாது என்கிறது. சிறையில் வந்து பார்க்கலாம், வழக்கறிஞர் பட்டியல் தரலாம், இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவலாம். 2009-இல் தொடங்கிய அந்த நிதியின் வரம்பு 2017-இல் விரிவானது. 2015 முதல் 'மதத்' இணையதளத்தில் புகார் செய்யலாம். ஆனால் அந்நாட்டு அமைச்சரின் கொள்கையே தவறு என்று தெருவில் நின்று சொல்லத் தூதரகத்தால் முடியாது. அதைச் சொல்ல மாணவர் சங்கமும் நம்மவர் அமைப்பும் அங்குள்ள மனசாட்சியுள்ள வழக்கறிஞரும்தான் வேண்டும்.

அங்கே நடப்பது இது. இங்கே?

கொத்தனாரை துபாய்க்கு அனுப்பும் ஏஜென்டுக்கு 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டம் உண்டு. பதிவுச் சான்று வேண்டும், வங்கி உத்தரவாதம் வேண்டும், ஒருவரிடம் வாங்கும் சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய் என்று உச்சவரம்பும் உண்டு. அந்தச் சட்டமும் ஓட்டைகள் நிறைந்ததுதான், இருந்தாலும் ஒரு கதவாவது இருக்கிறது. ஆனால் அது வேலைக்குப் போகிறவருக்கான சட்டம். அதே மாடியில் அடுத்த அறையில் உட்கார்ந்து மாணவரை அனுப்புகிறவருக்கு அது பொருந்தாது. பஞ்சாப் 2012-இல் ஒரு சட்டம் போட்டு, பயண முகவரோடு விசா ஆலோசகர், ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சி மையம் எல்லோரும் உரிமம் வாங்கவேண்டும் என்றது. உரிமம் வாங்கியவர்களே ஏமாற்றியதையும் பார்த்தோம். சட்டம் போதாது, ஆனால் உரிமம் என்று ஒன்று இருந்தால்தானே ரத்து செய்யவாவது முடியும்?

ஏஜென்டின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பெற்றோர் யாரும் கேட்பதில்லை. 'ஃப்ரீ கவுன்சலிங்' என்று பலகையில் இருக்கும். முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கை அயல்நாட்டுக் கல்லூரி கமிஷனாகத் தருகிறது. எந்தக் கல்லூரி அதிகம் தருகிறதோ அந்தக் கல்லூரி உங்கள் பிள்ளைக்கு 'பெஸ்ட் ஃபிட்' ஆகிவிடுகிறது. மருத்துவப் படிப்பில் இன்னும் மோசம். விடுதி, சாப்பாடு, விசா, தேர்வுப் பயிற்சி எல்லாம் சேர்த்து 'பேக்கேஜ்'. இங்கே நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கோடி ரூபாய் தாண்டும் கட்டணத்தைக் கேட்டு மிரண்ட அப்பாவிடம், பிலிப்பைன்ஸோ கிர்கிஸ்தானோ அதில் ஒரு சிறு பங்கு என்று சொன்னால் அவர் ஏன் வரைபடத்தைப் பார்க்கப்போகிறார்? 54 மாத விதியும், திரும்பி வந்து எழுதவேண்டிய தகுதித் தேர்வும் பேக்கேஜ் தாளில் கடைசி வரியில்கூட இருக்காது.

ஒரு கசப்பான எண்ணையும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூலையில் மக்களவையில் அரசு தந்த விவரப்படி, ஐந்தாண்டில் வெளிநாட்டில் இறந்த இந்திய மாணவர்கள் 633 பேர். கனடாவில் 172, அமெரிக்காவில் 108. இயற்கை மரணம், விபத்து, தாக்குதல் எல்லாம் சேர்ந்த கணக்கு. தாக்குதலில் இறந்தவர்கள் 19 பேர். நாம் தொலைக்காட்சியில் பார்ப்பது இந்த 19-ஐத்தான். மற்ற அறுநூற்றுச் சொச்சம் பேரைப் பற்றிப் பேச்சே இல்லை. உடலைக் கொண்டுவர இறப்புச் சான்று, பதப்படுத்திய சான்று, தூதரகத் தடையின்மைச் சான்று, ரத்து செய்த கடவுச்சீட்டு என்று தாள்கள் வேண்டும். அறைத்தோழர்களான இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள்தான் இவற்றுக்கு அலைகிறார்கள், இணையத்தில் நிதி திரட்டுகிறார்கள். அவர்களுக்கும் பரீட்சை இருக்கும்.

ஒரு பிள்ளை உடைந்துபோகும்போது வீட்டில் சொல்வதில்லை. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் பெரும்பாலும் வீடோ நிலமோ அடமானம். "இங்கே பிடிக்கவில்லை, வரட்டுமா?" என்று கேட்க நினைக்கும்போதே அம்மாவின் வீடு கண்முன் நிற்கும். "நல்லா இருக்கேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைக்கும். பெற்றோர் ஒன்றே ஒன்று செய்யலாம். போகும் முன்பே, "முடியவில்லை என்றால் திரும்பி வா, கடனைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று வாய்திறந்து சொல்லிவிடுங்கள். பிள்ளைக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

தமிழ்நாடு அரசுக்கு ஒரு வேண்டுகோள். அயலகத் தமிழர் நலனுக்கென ஆணையரகம் இருக்கிறது, வாரியம் இருக்கிறது, ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகிறோம். உக்ரைன் நாட்களில் அந்த ஆணையரகம் நன்றாகவே வேலை செய்தது. அதே கை இப்போது மாணவர் ஏஜென்டுகளுக்கு உரிமம், கமிஷனை எழுத்தில் வெளிப்படுத்தும் கட்டாயம், ஏமாற்றினால் பணத்தைத் திரும்ப வாங்கித் தரும் வைப்புத்தொகை, இம்மூன்றையும் கொண்ட ஒரு சட்டத்தை எழுதட்டும். பஞ்சாப் சட்டத்தின் தவறுகள் கண்முன் இருப்பதால் இதைவிட நல்ல சட்டம் எழுத முடியும்.

வெளிநாடு போகும் மாணவ நண்பர்களுக்கு. தூதரக இணையதளத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். அதோடு, போய் இறங்கிய முதல் மாதமே அங்குள்ள மாணவர் சங்கத்தில் சேருங்கள். தமிழ்ச் சங்கத்தில் பொங்கலுக்குப் போவது வேறு. நான் சொல்வது புகார் எழுதத் தெரிந்த, வழக்கறிஞரின் எண்ணை வைத்திருக்கிற, தெருவில் நிற்கத் தயங்காத சங்கம். தமிழர் மட்டும் இருக்கும் சங்கமாக அது இருக்கவேண்டியதில்லை. பஞ்சாபிப் பையனின் வழக்கில் கிடைத்த விதி, மதுரைப் பெண்ணின் ஆஃபர் லெட்டரையும் காக்கிறது.

கடைசியாக இந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அறக்கட்டளைக் குடும்பத்தாருக்கும். ஆண்டுதோறும் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசவைக்கிறீர்கள், மகிழ்ச்சி. அடுத்த ஆண்டு அந்தத் தொகையில் பாதியை வேறொன்றுக்குத் தாருங்கள். வளாகத்தில் ஓர் அறை, ஒரு கணினி, சட்டத்துறை மாணவர் இருவர். யார் ஆஃபர் லெட்டரைக் கொண்டுவந்தாலும், அதை அந்த அயல்நாட்டுக் கல்லூரிக்கே மின்னஞ்சல் அனுப்பி, "இது நீங்கள் கொடுத்ததா?" என்று கேட்டுப் பதிலை இலவசமாகத் தரட்டும். ஏஜென்டோடு போட்ட ஒப்பந்தத்தைப் படித்துத் தமிழில் சொல்லட்டும். மருத்துவம் என்றால் ஆணைய விதியோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கனடா அரசு இந்த வேலையை 2023 டிசம்பரில் தொடங்கிவிட்டது. செப்டம்பர் சேர்க்கைக்கான விசா விண்ணப்பங்கள் மே, ஜூன் மாதங்களில் குவியும். அதற்கு முன்பே நீங்கள் அந்த அறையைத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.